சூழ்நிலைக்கு எந்த ‘ழ’?

அன்புள்ள ஐயா,

எங்கள் தெருப் பையன், பதினாறு வயது, செல்போன் பறித்த வழக்கில் கூர்நோக்கு இல்லத்தில் இருக்கிறான். டெஸ்ட், டியூஷன் என்று பள்ளிக்கூடம் கொடுத்த நெருக்கடிதான் காரணம் என்கிறார் அவன் அம்மா. நாங்களும் அடி உதை வாங்கித்தானே படித்தோம், திருடவா போனோம்?

ரா.மு., திருப்பூர்

அன்புள்ள ரா.மு.,

நெருக்கடி பெரும்பாலான பிள்ளைகளை உள்ளுக்குள்ளேயே அரிக்கும். தூக்கம் போகும், சோறு இறங்காது. வெளியே வெடிப்பது அபூர்வம். 2012 பிப்ரவரியில் சென்னையில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஆசிரியையை வகுப்பறையிலேயே குத்திக் கொன்றபோது, அவனுடைய பள்ளி டைரியில் அவர் எழுதிய குறிப்புகளைப் பற்றியே ஊர் பேசியது. அதை வைத்து எல்லாப் பையன்களையும் அளக்க முடியாது.

சரி, பிடிபட்டபோது உங்கள் தெருப் பையன் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தானா? கடிதத்தில் அது இல்லை.

எட்டு வரை ஆல் பாஸ். பத்தில் பொதுத்தேர்வு. இடையில் ஒன்பதுதான் சல்லடை. நூறு சதவீதத் தேர்ச்சி காட்டத் துடிக்கும் பள்ளி, தேறாதவனை அங்கேயே கழற்றிவிடும். அப்படி ஒரு பள்ளியில் நான் வாத்தியார். ஒரு லாரி டிரைவரிடம் வெள்ளைத்தாளைக் கொடுத்து, ‘குடும்பச் சூழ்நிலை காரணமாக என் மகனின் டி.சி.யைத் தருமாறு’ என்று நானே சொல்லச் சொல்ல எழுதவைத்தேன். “சூழ்நிலைக்கு எந்த ‘ழ’ சார்?” என்று கேட்டார். பையன் பக்கத்தில் நின்று பெல்ட் கொக்கியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தான். கணக்கு மட்டும்தான் அவனுக்கு வராது. அந்த வருஷம் நூறு சதவீதம் வந்தது, பேனர் கட்டினோம். மறு ஆடிக்குள் அவன் பைக் திருட்டில் சிக்கினான்.

டிராவிஸ் ஹிர்ஷி என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1969இல் உங்கள் கேள்வியையே கேட்டார்: மற்றவர்கள் ஏன் குற்றம் செய்வதில்லை? வீட்டோடும் பள்ளியோடும் உள்ள ஒட்டுதல் பிடித்து நிறுத்துகிறது என்பது அவர் பதில். உங்களை அடித்த வாத்தியார் மறுநாள் காலை அட்டெண்டன்ஸில் உங்கள் பெயரையும் கூப்பிட்டார். (அடித்தது சரி என்று சொல்லவில்லை.) என் மாணவன் பெயரை நான் சிவப்பு மையால் அடித்துவிட்டேன்.

பையன் வெளியே வந்ததும் அம்மாவுக்கு இதைச் சொல்லுங்கள். 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 24ஆம் பிரிவுப்படி, அவன் செய்தது உறுதியானாலும் அதைக் காட்டித் தகுதியில்லை என்று யாரும் தள்ள முடியாது. பள்ளி சேர்க்காவிட்டால் தனித்தேர்வராகப் பத்தாவது எழுதலாம். அறிவியல் செய்முறை வகுப்புக்குத் தனியாகப் பதிய வேண்டும், பலர் அதைத்தான் கோட்டை விடுகிறார்கள்.