வலை ஓட்டுபவருக்கு வயிற்றில் வலை

கேள்வி: எனக்கு வயது 52. கரூரில் கொசுவலை கம்பெனியில் இருபது வருடமாக மெஷின் ஓட்டுகிறேன். ஒன்றரை வருடமாக வலது அடிவயிற்றில், தொடை சேரும் இடத்தில் ஒரு வீக்கம். படுத்தால் உள்ளே போய்விடும். பீம் (நூல் சுற்றிய உருளை) தூக்கிய நாளில் சாயங்காலம் இழுத்துப் பிடித்த மாதிரி வலிக்கிறது. குடலிறக்கம், ஆபரேஷன் செய்து மெஷ் வைக்க வேண்டும் என்கிறார் டாக்டர். என் மச்சான் போனில் ஒரு வீடியோ காட்டினார். பிளாஸ்டிக் வலையை உடம்பு ஏற்காது, உள்ளேயே சுருங்கும், கேன்சர்கூட வரும் என்று அதில் சொல்கிறார்கள். வலை இல்லாமல் தைத்துவிட முடியாதா? வைத்தே ஆக வேண்டும் என்றால், நான் தினமும் ஓட்டுகிற வலைக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? சர்க்கரை, பிரஷர் இல்லை. பீடி உண்டு, இருமல் கொஞ்சம் இருக்கிறது.
பெயர் வேண்டாம், கரூர்.

பதில்: கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். இத்தனை வருடத்தில் எத்தனையோ பேருக்கு மெஷ் வைத்திருக்கிறேன். இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

உங்கள் மெஷினில் ஓடுவது பாலிஎத்திலீன் மோனோ நூலாகத்தான், அதாவது ஒற்றை இழை நூலாகத்தான் இருக்கும். வயிற்றில் வைக்கிற மெஷ் பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன் மோனோ நூல். இரண்டும் பங்காளிகள். மெஷ்ஷையும் தறியில் நெய்வதில்லை, வார்ப் நிட்டிங்கில் (நீளவாக்கு நூல்களைக் கண்ணி கண்ணியாகக் கோத்து) பின்னுகிறார்கள். ஏன் என்று உங்களுக்கே தெரியும்: நெய்ததை வெட்டினால் ஓரம் பிரியும். 1950களின் கடைசியில் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ஃபிரான்சிஸ் அஷர் என்ற அறுவை மருத்துவர் முதலில் பாலிஎத்திலீனில் நெய்த வலையைத்தான் வைத்துப் பார்த்தார். ஓரம் பிரிந்தது. நீராவியில் கிருமி நீக்கும் சூட்டையும் அது தாங்கவில்லை. 1960களின் தொடக்கத்தில் பாலிப்ரொப்பிலீனுக்கும் பின்னலுக்கும் மாறினார். இன்றைக்கு உலகம் முழுக்க வைக்கப்படும் மெஷ்களில் பெரும்பாலானவை அந்த வம்சம்தான்.

கொசுவலையையே வைத்த கதையும் உண்டு. மகாராஷ்டிரத்தில் தோண்டைச்சா என்ற சிற்றூரில் டாக்டர் ரவீந்திரநாத் டோங்காவ்கர், மெஷ் வாங்க வசதியில்லாத கிராமத்து நோயாளிகளுக்குச் சாதாரணக் கொசுவலைத் துணியை வெட்டி, கிருமி நீக்கி வைத்தார். 350க்கும் மேற்பட்ட குடலிறக்கங்களில் வைத்த அனுபவம் 2003இல் இந்திய அறுவை மருத்துவ இதழில் வெளியானபோது எங்களில் சிலர் சிரித்தோம். சிரிப்பு அடங்க அதிக நாள் ஆகவில்லை. ஆப்பிரிக்காவில் பல இடங்களில் அதே முறை போய்ச் சேர்ந்தது. உகாண்டாவில் 302 ஆண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குக் கொசுவலை, மறு பாதிக்கு விலை உயர்ந்த மெஷ் வைத்துப் பார்த்த ஆய்வு 2016இல் வெளிவந்தது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் கொசுவலைப் பக்கம் ஒரே ஒருவருக்குத்தான் குடலிறக்கம் திரும்ப வந்திருந்தது, மறு பக்கம் யாருக்கும் இல்லை. விலையோ ஒன்று ஏறக்குறைய ஒரு டாலர், மற்றது நூறு டாலருக்கு மேல்.

சரி, இதைப் படித்துவிட்டுக் கம்பெனியிலிருந்து அரை மீட்டர் வெட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விடாதீர்கள். ஆய்வில் வைத்த வலை பூச்சிமருந்து ஏற்றாதது, கலவை என்னவென்று சோதித்துப் பார்த்தது. 121 டிகிரிக்கு மேல் சூடேற்றினால் கெட்டுவிடும் என்பதைக் கண்டுபிடித்து அந்த அளவிலேயே கிருமி நீக்கினார்கள். உங்கள் ஊர் அரசு மருத்துவமனையிலேயே முறையான மெஷ் கிடைக்கும்போது அந்த வித்தை உங்களுக்குத் தேவையில்லை. நான் சொல்ல வந்தது வேறு: ஒரு டாலர் வலையும் நூறு டாலர் மெஷ்ஷும் ஏறக்குறைய ஒரே பலனைத் தந்தன என்றால், உள்ளே உண்மையில் தாங்கிப் பிடித்தது எது?

உங்கள் உடம்புதான். மெஷ்ஷை வைத்த சில நிமிடங்களிலேயே இரத்தத்திலிருக்கும் புரதங்கள் அதன் மேல் படிந்துவிடும். பிறகு வெள்ளை அணுக்கள் வந்து சூழும். தின்று தீர்ப்பதற்காக வருகிற பெரிய அணுக்களுக்கு மேக்ரோபேஜ் என்று பெயர். பிளாஸ்டிக்கைத் தின்ன முடியாமல் அவை பலவாக ஒட்டிச் சேர்ந்து நூலைச் சுற்றி உட்கார்ந்துவிடும், மெஷ் இருக்கும்வரை அங்கேயே இருக்கும். அதற்கு வெளிப்புறத்தில், முதல் வாரத்திலிருந்து, நார்த்திசுவை உண்டாக்கும் அணுக்கள் வலைக்கண்களுக்குள் நுழைந்து கொலாஜன் என்ற புரத இழைகளை இடத் தொடங்கும். முதலில் இடுவது மெல்லிய மூன்றாம் வகைக் கொலாஜன். வாரங்கள் போகப்போகத் தடித்த முதல் வகை அந்த இடத்தைப் பிடிக்கிறது. சில மாதத்தில் வலையும் தழும்பும் சேர்ந்து ஒரே தகடாகிவிடும். வீட்டுக் கூரை போடும்போது கம்பி கட்டி கான்கிரீட் ஊற்றுகிறோமே, ஏறக்குறைய அது மாதிரி. இங்கே கான்கிரீட்டை ஊற்றுவது நீங்கள். குடலிறக்கம் வருகிறவர்கள் பலருக்கு முதல் வகைக் கொலாஜனின் பங்கு இயல்பாகவே குறைவு என்று கண்டிருக்கிறார்கள். சொந்தத் திசுவை மட்டும் இழுத்துத் தைத்தால் சிலருக்கு மறுபடி விட்டுப்போவதற்கு அது ஒரு காரணம்.

உடம்பு ஏற்காது என்று மச்சான் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. உடம்பு மெஷ்ஷை அந்நியப் பொருளாகத்தான் பார்க்கிறது. அந்த எதிர்ப்பை வைத்தே நாங்கள் காரியம் சாதிக்கிறோம். எதிர்ப்பு எந்த அளவில் நிற்கிறது என்பதில்தான் ஆராய்ச்சி முழுவதும் அடங்கியிருக்கிறது. அதற்கு விடை உங்கள் தொழிலில் இருக்கிறது: வலைக்கண்ணின் அளவும் ஜிஎஸ்எம்மும் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற கணக்கு).

ஜெர்மனியில் ஆஹன் நகரத்து மருத்துவர்கள் (க்ளிங்கே, ஷும்பெலிக் முதலானோர்) 1990களில் ஒரு கணக்குப் போட்டார்கள். இருமும்போதும் முக்கும்போதும் வயிற்றுச் சுவர் தாங்க வேண்டிய அதிகபட்ச இழுவிசை எவ்வளவு? ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்கு 16 நியூட்டன். அதாவது ஒரு சென்டிமீட்டர் பட்டியில் ஒன்றரைக் கிலோவைத் தொங்கவிட்டால் எவ்வளவோ அவ்வளவுதான். அன்றைய மெஷ்களோ இதைப்போலப் பல மடங்கு தாங்கக்கூடியவை. 80, 100 ஜிஎஸ்எம்மில், பொடிக்கண்ணாகப் பின்னியிருந்தார்கள். கொசுவைத் தடுக்க லாரி தார்ப்பாய் கட்டிய கதை. வெளியே எடுக்க நேர்ந்த மெஷ்களை அவர்கள் நுண்நோக்கியில் பார்த்தபோது இன்னொன்று தெரிந்தது. ஒவ்வொரு நூலைச் சுற்றியும் அந்த அணுக்கள் ஒரு சின்னக் கட்டியாக உறை போடுகின்றன. பாலிப்ரொப்பிலீனில் கண் ஒரு மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் பக்கத்துப் பக்கத்து உறைகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பாலம் போட்டுவிடும். நடுவில் நல்ல திசு வளர இடமே இருக்காது. முழுவதும் விறைத்த தழும்புத் தகடாகிவிடும். கண் பெரிதாக இருந்தால் நடுவில் இரத்தக்குழாயும் கொழுப்பும் வளர்ந்து, வயிறு அசையும்போது கூடவே அசையும்.

வீடியோவில் சொன்ன சுருக்கமும் இதுதான். பிளாஸ்டிக் சுருங்குவதில்லை. ஆறுகிற தழும்பு அதைச் சேர்த்து இழுக்கிறது. அதனால்தான் ஓட்டை சின்னதாக இருந்தாலும் மெஷ்ஷைப் பெரிதாக வெட்டுகிறோம். திறந்த முறையில் வழக்கமாக 7க்கு 15 சென்டிமீட்டர், லேப்ராஸ்கோப்பியில் (சிறு துளை வழியே செய்வது) 10க்கு 15க்குக் குறையாமல். திரும்ப வருகிற குடலிறக்கத்தில் மெஷ் நடுவில் கிழிந்திருப்பது அபூர்வம். ஓரம் விலகித்தான் வரும்.

அப்படியானால் லேசாகப் பின்னினால் எல்லாம் சரியா என்றால், அதுவும் இல்லை. நெதர்லாந்தில் 950 ஆண்களிடம் லேப்ராஸ்கோப்பி வழியாக லேசான மெஷ்ஷையும் கனமானதையும் ஒப்பிட்டபோது, லேசானதில் திரும்ப வருவது கூடியது, வலி குறையவில்லை. ஆகவே யாராவது லேசான மெஷ் என்று சொல்லிக் கூடுதலாகக் கேட்டால் யோசியுங்கள். பன்றித் தோலிலிருந்து தயாரிக்கும் மெஷ்ஷும் இருக்கிறது, விலை பயங்கரம். கிருமி பட்ட வயிற்றில் பிளாஸ்டிக்கைவிட அதுதான் நல்லது என்று நம்பி வந்தோம். 2022இல் வந்த அமெரிக்க ஆய்வு அந்த நம்பிக்கையையும் உடைத்தது: இரண்டு வருடத்தில் பிளாஸ்டிக் வலையில் திரும்ப வந்தது நூற்றுக்கு ஆறு பேருக்கு, தோல் வலையில் இருபது பேருக்கு.

இனி மச்சானின் வீடியோ. அதில் வந்த அழுகைகள் பொய்யாக இருக்காது. ஆனால் அவற்றில் பல, பெண்களுக்குக் கர்ப்பப்பை இறக்கத்துக்காகப் பிறப்புறுப்பு வழியாக வைத்த மெஷ்ஷைப் பற்றியவை. அந்த இடம் வேறு, கிருமிச் சூழல் வேறு, சுவரும் மெல்லியது. அமெரிக்க அரசு 2019 ஏப்ரலில் அந்தப் பயன்பாட்டுக்கான மெஷ் விற்பனையை நிறுத்தச் சொன்னது. குடலிறக்க மெஷ்களிலும் சில ரகங்களைக் கம்பெனிகளே திரும்பப் பெற்றிருக்கின்றன. கேன்சரைப் பொறுத்தவரை, அதே பாலிப்ரொப்பிலீன் பல பத்தாண்டுகளாக இதய அறுவையிலும் தையல் நூலாக உள்ளேயே இருக்கிறது. மனிதர்களில் அதனால் கேன்சர் கூடியதாகக் காணவில்லை.

வீடியோக்காரர்கள் சொல்லாமல் விடுவதும் டாக்டர்கள் வேகமாகத் தாண்டிப் போவதும் ஒன்றுதான்: நாள்பட்ட வலி. ஆபரேஷனுக்குப் பிறகு நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பேருக்குத் தொந்தரவு தரும் வலி மாதக்கணக்கில் நீடிக்கிறது. பெரும்பாலும் போகப்போகக் குறையும். மிகச் சிலருக்கு வேலையே செய்ய முடியாத அளவுக்கு நிற்கும். அந்த இடத்தில் மூன்று நரம்புகள் ஓடுகின்றன. அவற்றை மெஷ்ஷும் இழுக்கலாம், வெறும் தையலும் இழுக்கலாம். மெஷ் இல்லாவிட்டால் வலியும் இல்லை என்று யாராவது உறுதி கொடுத்தால் நம்பாதீர்கள்.

மெஷ் இல்லாமல் தைக்க முடியாதா என்றால், முடியும். கனடாவின் டொராண்டோவில் ஷோல்டைஸ் முறை 1940களிலிருந்து நடக்கிறது. நம் புனேயில் டாக்டர் தேசர்தா, வயிற்றுத் தசையின் மேல்நாரிலிருந்தே ஒரு பட்டியை எடுத்துச் சுவர் கட்டும் முறையை உருவாக்கினார். போலந்தில் அதை மெஷ்ஷோடு ஒப்பிட்டு மூன்று வருடம் பார்த்ததில் இரண்டும் சமமாகவே நின்றன. மொத்த ஆய்வுகளையும் சேர்த்து 2018இல் அலசியபோது, 46 பேருக்கு மெஷ் வைத்தால் ஒருவருக்குத் திரும்ப வருவது தவிர்க்கப்படுகிறது என்று வந்தது. பிரமாதமான எண் இல்லை என்று மச்சான் சொல்லலாம், சொல்லட்டும். ஆனால் ஷோல்டைஸையோ தேசர்தாவையோ நூற்றுக்கணக்கில் செய்து கைபழகியவர் உங்கள் பக்கத்தில் கிடைப்பாரா? நான் படித்த காலத்தில் நைலான் நூலால் தைத்துக் கட்டுவோம். தசையை இழுத்துத் தைத்திருப்பதால் நோயாளி ஒரு வாரம் குனிந்தே நடப்பார். அதில் நானே கட்டியதில் எத்தனை அவிழ்ந்து திரும்பி வந்தன என்று சொன்னால் ஆசிரியர் இந்தப் பகுதியை என்னிடமிருந்து பிடுங்கிவிடுவார். உங்கள் டாக்டருக்குக் கைவந்தது மெஷ் என்றால் மெஷ்ஷே வையுங்கள்.

அவசரம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். அதிகத் தொந்தரவு தராத குடலிறக்கம் உள்ள 720 வட அமெரிக்க ஆண்களில் ஒரு பாதியை ஆபரேஷன் செய்யாமல் பார்த்தார்கள். குடல் சிக்கிக்கொள்ளும் ஆபத்து வருடத்துக்கு ஆயிரத்தில் இரண்டு பேருக்கும் குறைவு. ஆனால் உங்களுக்கு வலி வந்துவிட்டது, பீமும் தூக்குகிறீர்கள். செய்துகொள்வதே நல்லது. அதற்குள் என்றைக்காவது வீக்கம் கல்லு மாதிரி இறுகி, உள்ளே போகாமல், வலியும் வாந்தியும் வந்தால் டாக்டரின் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றிரவே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

போகும்போது டாக்டரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். மெஷ் மோனோ நூலா, கண் பெரியதா? முறுக்கு நூல் என்றால் இழைகளுக்கு நடுவே கிருமி ஒளிந்துகொள்ளும், வெள்ளை அணு அங்கே நுழைய முடியாது. இது உங்களுக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. இரண்டாவது, மெஷ் பெட்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒட்டித் தரச் சொல்லுங்கள். பத்து வருடம் கழித்து எதுவும் ஆனால் உள்ளே இருப்பது என்ன ரகம் என்று தெரிய வேண்டுமே.

கடைசி வரியில் போகிற போக்கில் பீடி என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அங்கேதான் நின்றேன். புகை கொலாஜன் உருவாவதைக் கெடுக்கிறது, புண்ணில் கிருமி பிடிக்கும் வாய்ப்பைக் கூட்டுகிறது, இருமலோ ஆறாத தழும்பைத் தினமும் உள்ளிருந்து குத்துகிறது. குறைந்தது நான்கு வாரம் பீடியை விட்டுவிட்டு, இருமலுக்கு மருந்தெடுத்து, அப்புறம் தேதி வாங்குங்கள். ஆபரேஷன் முடிந்த அன்றே எழுந்து நடக்கலாம். பீம் தூக்குவதற்கு மட்டும் ஆறு வாரத்துக்கு வேறு ஆள் வைக்கச் சொல்லி முதலாளியிடம் இப்போதே பேசிவிடுங்கள்.