கால் பவுன் பறவைக்கு எதற்குக் காடு?

கேள்வி: உலகிலேயே மிகச் சிறிய பறவையான கியூபாவின் தேனீ ஹம்மிங்பேர்டுக்குக் காடு அழிவதுதான் ஆபத்து என்று எழுதியிருந்தீர்கள். கட்டைவிரல் நீளப் பறவைக்கு ஒரு பூந்தோட்டம் போதாதா? நம் ஊருக்கே கொண்டுவந்து வளர்க்கலாமே?
– ஒரு வாசகர், விருதுநகர்

பதில்: எடையைப் பார்த்து இடம் ஒதுக்குகிறீர்கள். ஆண் பறவை சுமார் 2 கிராம், அதாவது கால் பவுன். பெண் கொஞ்சம் கூடுதல், 2.6 கிராம். சரி, சிறிசுதான். ஆனால் நொடிக்கு 80 தடவை போலச் சிறகடித்து அந்தரத்தில் நின்று தேன் குடிக்கிற உடம்பு அது. இத்தனூண்டு உடம்பில் சூடும் தங்காது, கொழுப்பைச் சேர்த்துவைக்கவும் பெரிதாக இடமில்லை. பகலெல்லாம் பூப்பூவாக அலைந்தாக வேண்டும். தேனில் புரதம் கிடைக்காது என்பதால் நடுநடுவே பூச்சியும் சிலந்தியும் பிடிக்க வேண்டும். ஒரு செடி பூத்து ஓய்ந்தால் அடுத்தது பூத்திருக்க வேண்டும். வருஷம் முழுக்க இந்தப் பந்தியை எந்தத் தோட்டக்காரர் நடத்துவார்?

கூட்டைப் பாருங்கள். குறுக்களவு இரண்டு, மூன்று சென்டிமீட்டர்தான். மரப்பட்டைத் துணுக்குகளையும் லைக்கனையும் (பூஞ்சையும் பாசியும் கூடி மரத்தில் படரும் படலம்) சிலந்தி நூலால் இழுத்துக் கட்டியிருக்கும். குஞ்சுகள் வளர வளர அந்த நூல் நெகிழ்ந்து கொடுக்கும். கட்டுவது, இரண்டு முட்டைகளை அடைகாப்பது, ஊட்டுவது எல்லாமே பெண்தான். தகதகக்கும் சிவப்புக் கழுத்தைக் காட்டி ஜோடி சேர்வதோடு ஐயாவின் குடும்பப் பொறுப்பு தீர்ந்தது.

லைக்கன் படர்ந்த மரங்களும் சிலந்திகளும் இருந்த காடுகளைத்தான் கரும்புக்கும் காப்பிக்கும் மேய்ச்சலுக்கும் வெட்டினார்கள். ஒரு காலத்தில் தீவில் பரவலாக இருந்த பறவை இன்று சப்பாட்டா சதுப்பு நிலம், மேற்குக் கோடியில் குவானாகாபீபெஸ் தீபகற்பம், கிழக்கே அம்போல்டு தேசியப் பூங்கா என்று திட்டுத்திட்டாகத்தான் இருக்கிறது.

தோட்டம் என்றீர்களே, அதில் பாதி நியாயம் உண்டு. சப்பாட்டா ஓரத்துக் கிராமங்களில் வீட்டுப் பூக்களுக்கு இது வரத்தான் செய்கிறது. அங்கே வேலிக்கு அப்பால் காடு இருக்கிறது.

அப்புறம், நம் ஊருக்குக் கொண்டுவரும் யோசனை. அமெரிக்கக் கண்டங்களையும் அவற்றை ஒட்டிய தீவுகளையும் தாண்டி எந்த ஹம்மிங்பேர்டும் இயற்கையாக வாழ்வதில்லை. உங்களுக்கு ஆசை பூவில் தேன் குடிக்கும் குட்டிப் பறவை மேல் என்றால் வாசலில் ஒரு செம்பருத்தி வையுங்கள். தேன்சிட்டு தானாக வரும். அதற்கு கியூபாவரை போக வேண்டியதில்லை.