ஒரு கிளாஸ் பீர் 450 ரூபாயா? கேள்வியும் பதிலும்

இந்தப் பேச்சு ஒரு பில்லில் தொடங்கியது. எங்கள் கல்லூரி நண்பர்கள் குழுவில் திருப்பூர்க்காரர் ஒருவர், பெங்களூரு மைக்ரோப்ரூவரியில் (அங்கேயே பீர் காய்ச்சி ஊற்றுகிற கடை) நான்கு பேர் குடித்த பில்லைப் படம்பிடித்துப் போட்டு, "இது அடுக்குமா?" என்று கேட்டார். அந்த ஊரில் ஒன்பது வருடம் மால்ட் மூட்டை சுமப்பதில் ஆரம்பித்து, டாங்க் கழுவி, கடைசியில் பீர் காய்ச்சுகிற பொறுப்பு வரைக்கும் பார்த்தவன் நான். இப்போது கோபி பக்கம் தோப்பைக் கவனித்துக்கொண்டிருக்கிறேன். அதனால் அவருக்கும், பின்னாலேயே கேள்வி கேட்ட மற்றவர்களுக்கும் பதில் சொல்கிற வேலை என் தலையில் விழுந்தது.

ஏனுங்ணா, அரை லிட்டர் 450 ரூபாய், வரி தனி. டாஸ்மாக்கில் 650 மில்லி பாட்டிலே 200 ரூபாய்க்குப் பக்கமாக் கிடைக்குது. அப்படி என்னதான் ஊத்தறாங்க அதுல? (திருப்பூர், பனியன் ஏற்றுமதி)

உங்கள் தொழிலை வைத்தே சொல்கிறேன். 50,000 பீஸ் ஆர்டருக்கும் 300 பீஸ் ஆர்டருக்கும் ஒரே ரேட்டா போடுவீர்கள்? சாம்பிள் தைப்பது, சாயத்துக்கு லேப் டிப் எடுப்பது எல்லாம் இரண்டுக்கும் ஒரே பாடுதான். பீரும் அப்படித்தான். காலை ஏழு மணிக்கு அடுப்பைப் பற்றவைத்து, சாயங்காலம் வரை நின்று நாங்கள் காய்ச்சியது 1,000 லிட்டர். பெரிய ஆலையில் அதே ஒரு நாள் வேலையில் பல மடங்கு இறங்கிவிடும்.

சரக்கு விலையும் உண்டு. சாதாரண வலுவுள்ள பீர் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 200 கிராம் மால்ட் வேண்டும். மால்ட் என்பது முளைகட்டி உலர்த்திய பார்லி. சின்ன இடங்களில் நல்ல பங்கு ஜெர்மனியிலிருந்தும் பெல்ஜியத்திலிருந்தும் வருகிறது. அப்புறம் ஹாப்ஸ். இது ஒரு கொடியின் பூ, பீருக்குக் கசப்பும் மணமும் தருவது இதுதான். சாதாரண லாகருக்கு, அதாவது கடைகளில் விற்கும் மஞ்சள் பீருக்கு, லிட்டருக்கு ஒரு கிராம் சுற்றளவில் போதும். மணக்க மணக்கச் செய்கிற ஐபிஏ வகைக்கு எட்டு, பத்து கிராம்கூடப் போகும், அதுவும் இறக்குமதி.

இத்தனையையும் கூட்டினாலும் 450 வராது. மீதி எல்லாம் பெங்களூரு இந்திராநகர் வாடகை, கலால் வரி, ஏசி, மேடையில் கிடார் வாசிக்கிற பையனின் சம்பளம். உங்கள் பில்லில் பாதிக்கு மேல் நீங்கள் உட்கார்ந்த நாற்காலிக்குத்தான் போனது. நாற்காலி பிடித்திருந்தால் சரி. பீருக்கு மட்டும் என்றால், புதிதாக இறக்கிய நல்ல சரக்குக்கு 250 வரை நான் மனசாரக் கொடுப்பேன்.

கடை பீரில் கிளிசரின் கலக்கிறார்களாமே? பாட்டிலைத் தண்ணீருக்குள் கவிழ்த்தால் அது தனியாக இறங்குவதை நானே பார்த்திருக்கிறேன். சின்ன இடங்களில் காய்ச்சும் கிராஃப்ட் பீரில் அது இல்லை என்பதால்தான் விலை அதிகமா? (சூலூர்)

ஹாஸ்டலில் நானும் கவிழ்த்திருக்கிறேன். நீங்கள் பார்த்தது உண்மை, காரணம்தான் வேறு. புளித்து முடிந்த பிறகும் பீரில் கொஞ்சம் சர்க்கரைச் சத்து மிஞ்சும். அதனால் பீர் தண்ணீரைவிடச் சற்றே கனம். தம் கட்டிக் கவிழ்த்தால் கனமானது கோடு கோடாகக் கீழே இறங்கத்தான் செய்யும். இறங்கியது கிளிசரின் இல்லை, நீங்கள் காசு கொடுத்து வாங்கிய பீர். 450 ரூபாய் பீரைக் கவிழ்த்தாலும் இதேதான் நடக்கும். ஈஸ்ட் புளிக்கவைக்கும்போது கொஞ்சம் கிளிசரால் தானாகவே உண்டாகும், எல்லா பீரிலும் இருக்கும், கள்ளிலும் இருக்கும்.

உண்மையான வித்தியாசம் வேறு இடத்தில். விலை மலிவான பீரில் மால்ட்டோடு அரிசி, மக்காச்சோளம், சர்க்கரை சேர்ப்பார்கள். இது கலப்படம் ஆகாது, ஒளித்துச் செய்வதும் இல்லை. செலவு குறையும், பீரின் திடம் லேசாகும், வாயில் மால்ட் ருசி நிற்காது.

இந்த இடத்தில் என் பழைய சகாக்கள் கோபித்துக்கொள்ளும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 200 ரூபாய் லாகரைக் கேவலமாக நினைக்காதீர்கள். லாகரில் ஒளிந்துகொள்ள இடமே கிடையாது, சின்னப் பிசகும் நாக்கில் தெரிந்துவிடும். வருஷம் முழுக்க, லாரி லாரியாக, ஒரே ருசியில் அதை இறக்குவது பெரிய கை. ஐபிஏவில் ஒரு தப்பு நடந்தால் நாங்கள் இன்னும் இரண்டு கிலோ ஹாப்ஸைக் கொட்டி மூடிவிடுவோம்.

சிறுவாணித் தண்ணியில் காய்ச்சினால் உலகத்திலேயே நல்ல பீர் வருமா? (கோவை, ஆர்.எஸ்.புரம்)

வந்துவிட்டார் சிறுவாணிக்காரர்! கேள்வி விளையாட்டாகத் தோன்றினாலும் விஷயம் இருக்கிறது. பீரில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். செக் நாட்டில் பில்சன் என்று ஓர் ஊர். அங்கே தண்ணீரில் உப்பு மிகக் குறைவு. 1842-ல் முதன்முதலாக அந்தத் தங்க நிற லாகர் அங்கேதான் இறங்கியது. இன்று நம் கடைகளில் விற்கும் மஞ்சள் பீர் எல்லாம் அதன் பேரன் பேத்திகள். இங்கிலாந்தில் பர்ட்டன் என்ற ஊரில் ஜிப்சம் கலந்த கடினத் தண்ணீர். கசப்பு தூக்கலான ஏல் என்ற பீர் வகை அந்த ஊருக்குப் பெயர் வாங்கித் தந்தது. அந்தக் கணக்கில் சிறுவாணித் தண்ணீருக்குப் பில்சன் பாணி பொருந்தும், நம் போர்வெல் உப்புத்தண்ணிக்கு எதுவும் பொருந்தாது.

ஆனால் அது பழைய காலம். இன்று எந்தத் தண்ணீரையும் ஆர்ஓவில் விட்டு வெறுமையாக்கி, வேண்டிய உப்பைக் கிராம் கணக்கில் போட்டுக்கொள்கிறார்கள். நானும் டேங்கர் லாரித் தண்ணீரில்தான் காய்ச்சினேன். ஆகவே "மலை ஊற்று நீர்" என்று லேபிளில் பார்த்தால் அதற்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதீர்கள்.

கண்ணை மூடிக் குடித்தால் உங்களுக்கே வித்தியாசம் தெரியுமா, உண்மையைச் சொல்லுங்கள். (ஈரோடு)

வெள்ளகோவில் மச்சான் வீட்டுக் கிடா விருந்தில் இதைச் செய்து பார்த்தோம். ஏழு பேர், எவர்சில்வர் டம்ளர், கோவையில் டாஸ்மாக்கின் உயர்தர எலைட் கடையில் வாங்கிய மூன்று வகை: ஒரு சாதாரண லாகர், அதைப்போல இரண்டரை மடங்கு விலையில் ஒரு வெளிநாட்டு லாகர், ஜெர்மன் பாணி வீட் (கோதுமை) பீர் ஒன்று. எதில் எது என்று ஊற்றிய மச்சானுக்கு மட்டும் தெரியும்.

இரண்டு லாகரையும் சரியாகப் பிரித்தது மூன்று பேர். காசு சுண்டிப் போட்டிருந்தாலும் அவ்வளவு தேறியிருக்கும். நான் அந்த மூன்று பேரில் இல்லை. ஒன்பது வருட மானம் அன்றைக்குக் கிடாக்குழம்போடு போயிற்று.

வீட் பீரை மட்டும் ஏழு பேரும் முகர்ந்ததுமே சொல்லிவிட்டார்கள். "இதுல பூவம்பழ வாசம் வருது" என்றார் பீரே குடிக்காத மாமா. அவர் சொன்னது நூற்றுக்கு நூறு. அந்த வகை ஈஸ்ட் புளிக்கும்போது வாழைப்பழ வாசம் தரும் அதே பொருளையும், கூடவே ஒரு கிராம்பு நெடியையும் உண்டாக்குகிறது. பழம் எதுவும் போடுவதில்லை. எனவே ஒரே வகைக்குள் விலை ஏறினால் ருசி ஏறும் என்று நம்பாதீர்கள். வகை மாறினால் நிச்சயம் தெரியும், அதற்குக் கூடுதலாகக் கொடுக்கலாம்.

பையர் வீட்டு விருந்தில் பெல்ஜியத்தில் குடித்த துறவி மடத்து பீர், அங்கே நம் காசுக்குச் சில நூறு. பெங்களூருவில் அதே பாட்டில் பல மடங்கு. தரமும் அதேதானா? (திருப்பூர், இன்னொருவர்)

விலையில் பெரும்பகுதி அரசாங்கத்துக்கு. வெளிநாட்டு பீருக்குப் பல வருடங்களாகச் சரக்கு விலைக்கு நிகரான சுங்க வரி இருந்திருக்கிறது. அதற்குமேல் மாநில வரி, இறக்குமதியாளர் லாபம்.

தரத்துக்கு வருவோம், இதுதான் இந்தக் கேள்வி பதிலிலேயே முக்கியமான இடம். பெரும்பாலான பீருக்கு எதிரி வயது. வெயிலில் கண்டெய்னரிலும் குடோனிலும் மாதக்கணக்கில் கிடந்தால், உள்ளே மிஞ்சியிருக்கும் காற்றும் சூடும் சேர்ந்து ருசியைத் தின்றுவிடும். கெட்டுப்போன பீரில் என்ன வாசம் வரும் தெரியுமா? மழையில் நனைந்த அட்டைப்பெட்டி வாசம். திருப்பூர்க்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஐபிஏ இன்னும் மோசம், ஹாப்ஸ் மணம் முதலில் போகும், கசப்பு மட்டும் தங்கும். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் இரண்டு மாதம் தாண்டிய ஐபிஏவை அதே விலைக்கு, "ஸ்பெஷல்" என்று பலகையில் எழுதி விற்றார்கள். எழுதியது நான்தான், முதலாளி சொன்னார்.

நீங்கள் சொல்லும் மடத்து பீர் இதற்கு விதிவிலக்கு. ஷிமே, வெஸ்ட்மால் மாதிரியானவற்றில் பாட்டிலுக்குள்ளேயே கொஞ்சம் ஈஸ்ட்டும் சர்க்கரையும் விட்டு மறுபடி புளிக்கவைக்கிறார்கள். உள்ளே இருக்கும் காற்றை ஈஸ்ட் தின்றுவிடும், ஆல்கஹாலும் கூடுதல். அதனால் பயணத்தைத் தாங்கும். வருடத்தில் ஒரு நாள் வாங்குவதென்றால் அதை வாங்குங்கள். அதே விலையில் வெளிநாட்டு ஐபிஏ பாட்டில் இருந்தால் திரும்பிக்கூடப் பார்க்க வேண்டாம்.

தம்பி, நம்ம தோப்புல இறங்கற கள்ளை விட்டுப்போட்டு எதுக்கு இந்த வெள்ளைக்காரன் தண்ணி? (காங்கேயம், ஓய்வுபெற்ற ஆசிரியர்)

ஐயா, தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. தோப்பு வைத்திருக்கும் எனக்கும் அந்த ஆதங்கம் உண்டு, வாளையாறு தாண்டினால் கடையிலேயே விற்கிறது. ஆனால் உங்கள் கேள்வியில் ஒரு வேடிக்கை இருக்கிறது.

கள்ளை யாரும் புளிக்கவைப்பதில்லை. பாளையிலிருந்து முட்டியில் சொட்டும்போதே காற்றிலும் முட்டியிலும் இருக்கும் காட்டு ஈஸ்ட் வேலையை ஆரம்பித்துவிடுகிறது. காலையில் இனிப்பு, சாயங்காலம் கடுப்பு, மறுநாள் காடி. பெல்ஜியத்தில் லாம்பிக் என்று ஒரு பீர். அதற்கும் ஈஸ்ட் போடுவதில்லை. காய்ச்சிய சாற்றை இரவில் அகலமான தொட்டியில் திறந்து வைப்பார்கள். காற்றில் வருவது எதுவோ அதுவே புளிக்கவைக்கும். பிறகு மரப்பீப்பாயில் ஒன்று முதல் மூன்று வருடம். அதன் புளிப்பைக் குடித்தால் நேற்றைய கள் நினைவுக்கு வரும். அங்கே அது உயர்ந்த விலைச் சரக்கு. மூன்று வருடம் பீப்பாயையும் இடத்தையும் முடக்குகிறார்களே, அந்த விலையை நான் குறை சொல்ல மாட்டேன்.

அண்ணா, எங்க வீட்டுக்காரர் கிராஃப்ட் பீர் உடம்புக்கு ஒண்ணும் பண்ணாதுன்னு சொல்றார். நெசமா? (பெருந்துறை)

இல்லை அம்மிணி. ஆல்கஹால் எந்தக் கிளாஸில் இருந்தாலும் ஆல்கஹால்தான். அவரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். 42.8 சதவீத பிராந்தி 60 மில்லியில் (ஒரு லார்ஜ்) சுமார் 26 மில்லி ஆல்கஹால். 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மில்லி பாட்டிலில் 52 மில்லி. "பீர்தானே" என்று ஒரு பாட்டில் முடித்தால் இரண்டு லார்ஜ் உள்ளே போயாயிற்று. 5 சதவீத கிராஃப்ட் பீர் 330 மில்லியில் 16 மில்லி சொச்சம், அவ்வளவுதான் வித்தியாசம், அதுவும் ஒன்றோடு நிறுத்தினால். யூரிக் அமிலம் கூடி மூட்டு வலி இருப்பவருக்கு எந்த பீரும் ஆகாது.

பெங்களூருவிலிருந்து கேனில் பிடித்து ரயிலில் கொண்டுவரலாமா? இல்லை, வீட்டிலேயே காய்ச்சலாமா? (சேலம்)

இரண்டும் கூடாது. அனுமதியில்லாமல் வெளிமாநில மதுவைக் கொண்டுவந்தாலும் வீட்டில் காய்ச்சினாலும் மதுவிலக்குச் சட்டத்தில் மாட்டுவீர்கள். போதாததற்கு, குழாயிலிருந்து பிடித்த பீர் ஓசூர் தாண்டுவதற்குள் சூடாகி, சேலம் வருவதற்குள் நுரை செத்துவிடும்.

கடையில் வாங்கும்போது எதைப் பார்ப்பது? (கோவை, பீளமேடு)

விலைக்கு முன்னால் தேதியை. தயாரித்து இரண்டு மாதத்துக்குள் என்றால் எடுங்கள். அடுத்து பாட்டில் நிறம். வெளிச்சம் பட்டால் ஹாப்ஸ் கசப்பு சிதைந்து ஒரு கந்தக நாற்றம் வரும். பழுப்புப் பாட்டில் நன்றாகத் தடுக்கும், பச்சை கொஞ்சமாக, வெள்ளைப் பாட்டில் தடுக்கவே தடுக்காது. டின் என்றால் கவலையே இல்லை. டியூப்லைட் போட்ட கண்ணாடி பிரிட்ஜில் முன்வரிசையில் நிற்கும் அழகான பச்சைப் பாட்டிலை விட்டுவிட்டு, பின்னால் கையை விட்டு எடுங்கள். கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும்.

அடுத்த மாதம் பெங்களூரு போகிறேன். கையில் 1,000 ரூபாய்தான் ஒதுக்கியிருக்கிறேன். என்ன வாங்க? (கோபி, நம்ம ஊர்த் தம்பி)

உட்கார்ந்ததும் மெனுவைத் திறக்காதே. "எந்த டாங்க் இந்த வாரம் திறந்தது?" என்று கேள். பதில் தெரியாமல் முழித்தால் எலுமிச்சை ஜூஸ் குடித்துவிட்டு வேறு இடம் பார். தெரிந்தால், சின்னச் சின்ன கிளாஸில் நாலைந்து வகை வைத்த சாம்ப்ளர் தட்டு ஒன்று வாங்கு, பெரும்பாலும் ஒரு முழு கிளாஸ் விலைக்குப் பக்கமாக இருக்கும். அதில் பிடித்ததில் ஒரே ஒரு முழு கிளாஸ். காரமாக ஏதாவது கொறிப்பதாக இருந்தால் ஐபிஏ வேண்டாம், அந்தக் கசப்பு மிளகாய் எரிச்சலை ஏற்றிவிடும். பள்ளிபாளையம் சிக்கன் மாதிரி ஒன்று என்றால் வீட் பீர்தான் அடக்கும். வண்டி எடுக்காதே, மெட்ரோவில் போ. ஊருக்கு வந்ததும் எந்த டாங்க் என்று எனக்குச் சொல், அங்கே இன்னும் என் கூட்டாளி ஒருவன் இருக்கிறானா என்று பார்க்கலாம்.