நாலாவது கைக்கு ஆள் தேடுற இடமா பாத்துப் போங்க

கேள்வி: சென்னைக்கு வந்து எட்டு மாசம் ஆச்சு. ரூம், ஆபீஸ், திரும்ப ரூம். மால், காபி ஷாப் தவிர நாலு மனுஷங்களோட பழகுற மாதிரி இடம் இங்க இருக்கா? இருந்தா எப்படித் தேடுறது?

இதே நிலைமையில நானும் ஒன்றரை வருஷம் கிடந்திருக்கேன், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

எனக்குக் கோவில்பட்டி. ஊர்ல இருந்தவரைக்கும் இப்படி ஒரு கேள்வியே வந்ததில்ல. டீக்கடை பெஞ்சுல ஒரே ஒரு தினத்தந்தி நாலா பிரிஞ்சு நாலு பேர் கையில இருக்கும், சினிமா பக்கம் வச்சிருக்கிற அண்ணாச்சி கிட்ட இருந்து அதை வாங்குறதுக்குள்ள ரெண்டு டீ முடிஞ்சிரும், சாயங்காலம் ஆனா ஹாக்கி கிரவுண்டு (எங்க ஊர்ல கிரிக்கெட்ட விட ஹாக்கிக்குத்தான் மவுசு). 2016-ல சென்னைக்கு வந்து தண்டையார்பேட்டையில ரூம் எடுத்தேன், வாடகை கம்மிங்கிற ஒரே காரணம். வேலை மவுண்ட் ரோட்ல. ஞாயித்துக்கிழமை முழுக்க சாப்பாடு கொண்டு வந்த தம்பிகிட்ட "தேங்க்ஸ்பா"ன்னு சொன்னது மட்டும்தான் பேச்சு, அப்படியே படுத்துத் தூங்கின நாள் எத்தனையோ.

காபி ஷாப் எல்லாம் நானும் போய்ப் பாத்தவன்தான். ஒரு கடையில 220 ரூபா குடுத்து ஒரு காபி வாங்கிட்டு உக்காந்தா ஒரு மணி நேரத்துல மூணு தடவ வந்து டேபிளத் துடைக்கிறாங்க, எந்திரிச்சுப் போடான்னு வாய்விட்டுச் சொல்லல, அவ்வளவுதான். ஜிம்முல எல்லார் காதுலயும் ஹெட்போன். மெரினா நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா அலைதான் பழக்கமாச்சு, ஆளுங்க ஆகல.

அப்புறம்தான் அந்த கேரம் கிளப். ரூமுக்கு ரெண்டு தெரு தள்ளி, ஷட்டர் பாதி இறக்கின ஒரு அறை. உள்ள மூணு போர்டு, ஒவ்வொண்ணு மேலயும் தகர மூடி போட்ட பல்பு தாழத் தொங்கும், ஆடுறவங்க முகம் இருட்டுல இருக்கும், கையும் காயும் மட்டும் வெளிச்சத்துல. தினமும் அதைத் தாண்டித்தான் போவேன், உள்ள எட்டிப் பாக்கக் கூச்சம். ஒரு நாள் ராத்திரி ஒன்பது மணி இருக்கும், உள்ள இருந்து ஒரு பெரியவர் "இன்னாப்பா, ஆடத் தெரியுமா? ஒரு கை கொறையுது"ன்னாரு. பேர் கேக்கல, ஊர் கேக்கல, என்ன வேலை பாக்குறேன்னும் கேக்கல. செருப்பக் கழட்டிட்டுப் போய் உக்காந்துட்டேன்.

அன்னிக்கு நான் ஆடினது படு கேவலம். ஸ்ட்ரைக்கர் மூணு தடவ குழியில போச்சு, மைனஸ் மேல மைனஸ், ரெட்ட (சிவப்புக் காய்) போட்டேன் ஆனா ஃபாலோ (அதுக்கு அடுத்து உடனே நம்ம காய் ஒண்ணு) போட முடியல. எதிர்ல உக்காந்திருந்த பார்ட்னர் ஷேர் ஆட்டோ ஓட்டுறவர், பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்தாரே தவிர வாயத் தொறக்கல, ஏன்னா அந்தக் கிளப்புல ஆட்டம் நடக்கும்போது பார்ட்னருக்கு யோசனை சொல்லக் கூடாது. போர்டு முடிஞ்சதும் பெரியவர் ஒரு பழைய லுங்கித் துண்ட எடுத்து போர்டத் தொடச்சாரு, ரெண்டு விரலால பவுடரக் கிள்ளித் தூவி உள்ளங்கையால பரப்பினாரு, ஸ்ட்ரைக்கர என் முன்னாடி வச்சு "ரெண்டு கோட்டையும் தொட்டுனு இருக்கணும். கையத் தள்ளாத, வெரல மட்டும் வுடு"ன்னு ரெண்டு தடவ காமிச்சாரு. அவர் துறைமுகத்துல இருந்து ரிட்டயர் ஆனவர்னு எனக்குத் தெரியவே ஒரு மாசம் ஆச்சு, என் பேர் அவருக்குத் தெரிய அதுக்கும் மேல. அதுவரைக்கும் நான் "கோயில்பட்டி"தான். கரண்ட் பில்லுக்கும் பவுடருக்கும் சேத்து மாசம் 100 ரூபா, குடுக்க முடியாத மாசம் யாரும் கேக்க மாட்டாங்க.

வடசென்னையில கேரம்னா டைம்பாஸ்னு நினைச்சிடாதீங்க. சர்வதேச கேரம் சம்மேளனமே 1988-ல சென்னையில ஆரம்பிச்சதுதான். ரெண்டு தடவ உலக சாம்பியன் ஆன மரிய இருதயம் நம்ம சென்னைக்காரர், 1996-க்கான அர்ஜுனா விருது வாங்கினவர். 2024-ல அமெரிக்காவுல நடந்த உலகக் கோப்பையில மூணு தங்கம் அடிச்ச காசிமா வடசென்னையில ஆட்டோ ஓட்டுறவர் பொண்ணு. அன்னிக்கு எங்க கிளப்புல ஒருத்தர் பாய் கடையில இருந்து எல்லாருக்கும் டீ சொன்னாராம், என்னமோ அவரே ஜெயிச்ச மாதிரி.

ரே ஓல்டன்பர்க்னு ஒரு அமெரிக்க சமூகவியல் பேராசிரியர் இந்த மாதிரி எடத்துக்கு "மூணாவது இடம்"னு பேர் வச்சாரு, ஒண்ணாவது வீடு, ரெண்டாவது வேலை பாக்குற இடம். அங்க பேச்சுதான் பிரதானம்ங்கிறாரு. எனக்கு அங்கதான் ஒத்துக்கல. பேசிப் பழகணும்னே கூடுற கூட்டத்துல எனக்கு நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கும், ரெண்டு தடவ போய்ட்டு மூணாவது தடவ தலைவலின்னு மெசேஜ் போட்ருவேன். கேரம் போர்டுல பேச வேண்டிய கட்டாயமே இல்ல, ஆனா நாலு பேர் இல்லாம டபுள்ஸ் ஓடாது, அதனால நீங்க அவங்களுக்குத் தேவைப்படுறீங்க. தேவைப்படுற ஆளா உள்ள போறதுக்கும் சேத்துக்கோங்கன்னு போய் நிக்கிறதுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கு. அதனாலதான் சொல்றேன், நாலாவது கைக்கு ஆள் தேடுற எடமா பாத்துப் போங்க. காலையில பார்க்குல நடக்குற ஷட்டில் டபுள்ஸ், தெரு வாலிபால், கோயில் பஜனையில ஜால்ரா தட்ட ஆள் இல்லாத கோஷ்டி, எதுவா இருந்தாலும். செஸ் ரெண்டு பேர் ஆட்டம்தானேன்னு கேக்கலாம். ஆனந்த் சின்னப் பையனா ஆடினது சோவியத் கலாச்சார மையத்துல இருந்த டால் செஸ் கிளப்புல, அங்க ஜெயிச்சவர் சேர்லயே இருப்பாரு, தோத்தவர் எந்திரிச்சு வரிசையில கடைசியா போய் நிக்கணும். அந்த வரிசையில நிக்கிறப்பதான் பக்கத்துல நிக்கிறவன் யாருன்னே தெரியவரும்.

நீங்க ஆணா பொண்ணான்னு கேள்வியில இல்ல. பொண்ணுன்னா நான் சொன்னதுல பாதி செல்லாது, ராத்திரி ஒன்பது மணிக்கு பாதி ஷட்டர் அறைக்குள்ள போய் உக்காருன்னு என் தங்கச்சிகிட்ட நான் சொல்ல மாட்டேன். என் வீட்டம்மா டிஎன்பிஎஸ்சிக்குப் படிச்சப்ப கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குத் தினமும் போவாங்க. 2010-ல திறந்தது, மறு வருஷமே குழந்தைகள் ஆஸ்பத்திரியா மாத்தப் போறோம்னு அரசு அறிவிச்சு ஹைகோர்ட் தடையால தப்பிச்ச கட்டடம். அங்க நம்ம சொந்தப் புஸ்தகத்தக் கொண்டு போய்ப் படிக்கத் தனி இடம் இருக்கு. உள்ள யாரும் வாயத் தொறக்க முடியாது, ஆனா மத்தியானம் டிபன் பாக்ஸ் தொறந்தா கதை வேற, ஆறு பொண்ணுங்க ஆளுக்கொரு பாடத்த எடுத்துக்கிட்டு மத்தவங்களுக்கு நோட்ஸ் குடுக்குறதுன்னு ஒரு ஏற்பாடு. பொருளாதாரம் எடுத்தவங்க நின்னுட்டாங்கன்னு என் வீட்டம்மாவ சேத்தாங்க. பரீட்சை எப்பவோ முடிஞ்சு போச்சு, அந்த ஆறு பேரும் இப்பவும் பொங்கலுக்குக் கூடுறாங்க.

இங்க யாராவது வந்து "அந்தக் காலத்துல திண்ணை இருந்துச்சு, எல்லாம் போச்சு"ன்னு கமெண்ட் போடுவீங்க, தெரியும். அந்தத் திண்ணையில யார் யார் உக்கார முடிஞ்சதுன்னும் சேத்து எழுதுங்க. டீக்கடையிலேயே சிலருக்குத் தனி டம்ளர் வச்சிருந்த ஊருங்கதான நம்முது.

ஒரு விஷயம் மட்டும் கவனமா இருங்க, வாரத்துல ரெண்டு நாளாவது ஒரே நேரத்துக்குப் போங்க. இன்னிக்குக் காலையில, அடுத்த வாரம் ராத்திரின்னு போனா ஒவ்வொரு தடவையும் நீங்க புது ஆளுதான்.

2022-ல நாங்க மேடவாக்கம் வந்துட்டோம். இந்த அபார்ட்மெண்ட் கிளப் ஹவுஸ்லயும் ஒரு கேரம் போர்டு இருக்கு, ஆனா காய் டப்பா செக்யூரிட்டி கிட்ட, கையெழுத்துப் போட்டு வாங்கணும், வாங்கிட்டு வந்து பாத்தா பவுடர் இருக்காது, பல்பு சீலிங்ல எங்கயோ எரியுது. நானே ஒரு தகர மூடி வாங்கி வயர் இழுத்துத் தாழத் தொங்க விட்டேன், செக்ரட்டரி ரெண்டு நாள் முறைச்சாரு, மூணாவது நாள் "ஒரு போர்டு போடலாமா"ன்னு வந்து உக்காந்தாரு. பி பிளாக்ல ஒரு காலேஜ் பையன் வரான். அது மூணு. பக்கத்துலதான் இருக்கீங்கன்னா சொல்லுங்க, செவ்வாய், வெள்ளி ராத்திரி எட்டரை.