ராத்திரிச் சாப்பாடு வேண்டாம் என்கிறாள்: வளரிளம் பருவக் கேள்விகள்

கேள்வி: பத்தாவது படிக்கும் என் மகள் ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்திவிட்டாள். எந்நேரமும் போனில் கொரியப் பாடகிகளின் டயட் வீடியோதான். வெறும் வீடியோ ஒரு பிள்ளையை இப்படி மாற்றுமா?

பதில்: மாற்றக்கூடும். ஃபிஜித் தீவைப் பாருங்கள். அங்கே நன்றாகச் சாப்பிட்டுத் தேறிய உடம்புக்குத்தான் மதிப்பு. ஒருத்தி இளைத்தால் வீட்டில் கவனிப்பில்லையோ என்று ஊரே கவலைப்படும். மேற்கு ஃபிஜியின் ஒரு பகுதிக்கு 1995-ல்தான் டிவி வந்தது, அதுவும் பெரும்பாலும் வெளிநாட்டுத் தொடர்களோடு. ஹார்வர்டைச் சேர்ந்த ஆன் பெக்கர் குழுவினர் அங்குள்ள பள்ளி மாணவிகளிடம் அந்த ஆண்டும் 1998-லும் விசாரித்தார்கள். எடை குறைக்க வாந்தி எடுப்பதாக முதல் முறை ஒருத்தியும் சொல்லவில்லை. மூன்று வருடம் கழித்து 11.3 சதவீதம் பேர் சொன்னார்கள். டிவி மட்டுமே காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாதுதான். ஆனால் தொடர்களில் வரும் பெண்கள் மாதிரி ஆக வேண்டும் என்று அந்த மாணவிகளே சொன்னார்கள்.

போனைப் பிடுங்காதீர்கள், ஒளித்துப் பார்ப்பாள். ராத்திரி எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுங்கள். தட்டைக் கண்காணிக்க வேண்டாம். மாதவிடாய் மூன்று மாதம் வராமல் போனாலோ, தலைசுற்றினாலோ, சாப்பிட்டதும் பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாலோ டாக்டரிடம் கூட்டிப்போங்கள். தானாகச் சரியாகிவிடும் என்று காத்திருக்காதீர்கள்.

கேள்வி: எனக்கு 17 வயது. சிக்ஸ் பேக் வர புரோட்டீன் பவுடர் அவசியமா?

பதில்: இல்லை, தம்பி. ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம் புரதம் இருக்கிறது. பால், சுண்டல், பருப்பு, மீன் எல்லாம் இருக்கவே இருக்கின்றன. இன்னொன்று, சட்டையைக் கழற்றும் காட்சிக்கு முன்னால் தண்ணீர் குடிப்பதையே நிறுத்தியதாக ஹாலிவுட் நடிகர் ஹியூ ஜாக்மன் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். திரையில் தெரியும் அந்த வயிறு படப்பிடிப்பு நாளுக்கான வயிறு. அவருக்கே அது தினமும் இருக்காது.

கேள்வி: செயலியில் பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண்) போட்டுப் பார்த்து, 14 வயது மகள் தான் குண்டு என்கிறாள்.

பதில்: பெரும்பாலான செயலிகளில் இருப்பது பெரியவர்களுக்கான அளவு. 18 வயதுக்குள் வயது, பாலினம் பார்த்துத்தான் கணக்கிட வேண்டும். பூப்பெய்தும் காலத்தில் இடுப்பும் தொடையும் சதை போடுவது இயல்பு.

கேள்வி: சொந்தக்காரர்கள் “என்ன இப்படிப் பெருத்துட்டே” என்றால் பிள்ளை அன்றைக்குச் சாப்பிடுவதே இல்லை.

பதில்: குஷ்பு பெயரில் இட்லி விற்ற ஊர் இது, எப்படி மாறிவிட்டது பாருங்கள்! சரி, பிள்ளை முன்னால் உடம்பைப் பற்றிப் பேச வேண்டாம் என்று அவர்களிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். “இளைச்சு அழகாயிட்டே” என்ற பாராட்டும் வேண்டாம்.