டார்ச்சு மகன் – கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் மண்டபம் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரன். இப்போது சென்னையில் வேலை. போன வாரம் ஒரு குத்துச்சண்டைப் படம் பார்த்தேன். வீட்டில் எல்லாருக்கும் அடிதடி, கடத்தல்தான் தொழில். அண்ணன் ஜெயிலில். கடைசித் தம்பி மட்டும் குத்துச்சண்டை கற்று அந்த வீட்டைவிட்டு வெளியேறப் பார்க்கிறான். கடைசிப் போட்டியில் வேண்டுமென்றே தோற்கச் சொல்லி அவன் சித்தப்பாவே மிரட்டுகிறார்.

பார்த்துவிட்டு ராத்திரி தூங்கவில்லை. என் அப்பாவும் ஒருகாலத்தில் ‘அந்தத் தொழிலில்’ இருந்தவர்தான். எனக்குக் கோபம் வரும்போதெல்லாம் இது ரத்தத்தில் வந்ததோ என்று பயமாக இருக்கிறது. ரத்தத்தில் இருப்பதை ஒருவன் பயிற்சியால் மாற்றிவிட முடியுமா?

இதே கதையை நம் கடற்கரையில் வைத்துத் திரைக்கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். நாயகன் கடைசியில் ஜெயிக்க வேண்டுமா, தோற்க வேண்டுமா? நம் பக்கம் குத்துச்சண்டையே கிடையாதே, நம்புவார்களா?

(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள தம்பி,

ஜெயிப்பதா தோற்பதா என்பது உங்கள் தயாரிப்பாளர் கவலை. நம்புவார்களா என்பதற்குப் பதில் சுலபம். நம் மாவட்டத்தில் பட்டாளத்துக்குப் போய் வந்தவர் இல்லாத ஊர் குறைவு. பட்டாளத்தில் குத்துச்சண்டை உண்டு. அவ்வளவு போதும்.

எனக்குச் சுருக்கென்று பட்டது அந்த ‘ரத்தம்’தான். கொஞ்சம் திட்டப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

குற்றம் பிறப்பிலேயே வருகிறது என்று இந்த நாட்டில் சட்டமாகவே எழுதிவைத்தவன் வெள்ளைக்காரன். 1871-இல் குற்றப் பரம்பரைச் சட்டம். 1911-இல் அதைத் திருத்திச் சென்னை மாகாணத்துக்கும் கொண்டுவந்தார்கள். இன்ன சாதியில் பிறந்தாயா, வந்து கைரேகை வை. ராத்திரியானால் போலீஸ் கண்பார்வையில் வந்து படு. நேற்றுக் கல்யாணமான மாப்பிள்ளையும் பாயைச் சுருட்டிக்கொண்டு போக வேண்டியதுதான். மதுரைப் பக்கம் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மாட்டோம் என்று நின்றவர்களை 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி சுட்டார்கள், 16 பேர் செத்தார்கள். நம் ராமநாதபுரம் சீமையிலும் அந்தச் சட்டம் இருந்தது. 1947-இல்தான் இந்த மாகாணத்தில் ஒழிந்தது. அத்தனை பேர் வைக்க மாட்டேன் என்று அடம்பிடித்த அந்த ரேகையை, யாரும் கேட்காமலே நீங்களாக உருட்டி எனக்குத் தபாலில் அனுப்பியிருக்கிறீர்கள்.

கோபம் வருகிறதாம்! எனக்கும் வரும். என் அப்பா தபால்காரர். ‘தபால் ரத்தம், அதான் எகிறுறான்’ என்று என்னை யாரும் சொன்னதில்லை.

உங்கள் கடிதம் வந்த சமயத்தில் நானே வேறொருவனைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். என்னோடு பள்ளியில் படித்தவன். அவன் பெயரை எழுதப்போவதில்லை. பட்டப்பெயரையும் மாற்றித்தான் எழுதுகிறேன். அவன் அப்பாவை ஊரில் ‘டார்ச்சு’ என்பார்கள். இலங்கையிலிருந்து சரக்கு வரும் அமாவாசை ராத்திரிகளில் கரையில் நின்று லாஞ்சுக்கு டார்ச் லைட் அடித்துக் காட்டுவது அவர் வேலை. இங்கிருந்து கைலி போகும், அங்கிருந்து கிராம்பு வரும். மூட்டையில் இருப்பது யாருடைய சரக்கு என்றுகூட அவருக்குத் தெரியாது. ராத்திரிக்கு இவ்வளவு என்று கூலி. ஒருநாள் மாட்டினார். கடத்தல்காரர்களைப் பிடித்துவைக்கும் காபிபோசா சட்டத்தில் ஒரு வருஷம் உள்ளே. விசாரணை கிடையாது, அந்தச் சட்டம் அப்படி.

அந்த வருஷம்தான் பையன் ஹவில்தார் மாமாவிடம் போனான். ஓய்வுபெற்று வந்த மனிதர், பேச்சு குறைவு. பூவரச மரத்தில் ஓர் உரச்சாக்கைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். முதலில் கடற்கரை மணலை மட்டும் ரொப்பியிருந்தார்கள். மணல் நாலு நாளில் கீழே இறங்கிப் பாறையாகிவிட்டது, குத்தினால் மணிக்கட்டு போய்விடும். அப்புறம் கிழிந்த வலையும் தேங்காய் நாரும் திணித்து, நடுவில் மட்டும் கொஞ்சம் மணல். கையில் சுற்ற அவன் அம்மாவின் பழைய நூல் சேலைக் கிழிசல். பெருவிரலில் மாட்டி, மணிக்கட்டில் மூன்று சுற்று, முட்டிகளின் மேல் மூன்று, பிறகு விரல் இடுக்குகளில் விட்டு எடுத்து, திரும்ப மணிக்கட்டில் வந்து முடிச்சு. வலை பொத்துகிறவர்கள் மாதிரி அவர் கை ஓடும். இறுக்கிச் சுற்றினால் விரல் மரத்துவிடும், தளர்ந்தால் எலும்பு உடையும். சுற்றி முடித்ததும் ‘மூடித் திற’ என்பார். வேறு உபதேசம் எதுவும் அவர் செய்து நான் கேட்டதில்லை.

மூன்று நிமிஷச் சுற்று மூன்று. மாவட்ட அளவில் ஜெயித்தான், வெளியூர் போய் ஜெயித்தான். மைக்கில் அவன் பெயரைச் சொன்னபோது எங்கள் ஊர் ஆள் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம், ‘யாரு? நம்ம டார்ச்சு மகன்தானே’ என்றார். பெருமையாகத்தான் சொன்னார்.

அரசு வேலை ஒன்றுக்குத் தேறினான். நன்னடத்தை விசாரிக்க வந்தவர் டீக்கடையில் அவன் பெயரைச் சொல்லிக் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. அப்பா பெயரைச் சொன்னார். ‘அட, டார்ச்சு மகனைக் கேக்குறீகளா!’ அவன்மேல் ஒரு பெட்டி கேஸ்கூடக் கிடையாது. ஆனால் அந்தக் காகிதம் போன இடத்திலேயே உட்கார்ந்துகொண்டது. வயது தாண்டிவிட்டது. வளைகுடாவுக்குப் போனான், வந்தான், இப்போது ஒரு நண்டு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறான்.

இதில் ரத்தம் எங்கே இருக்கிறது? சொல்லுங்கள்.

அதே லாஞ்சில் சரக்குக்குப் பணம் போட்டவருக்கும் ஒரு மகன் இருந்தான். அவன் குத்துச்சண்டை கற்க வேண்டிய தேவையே வரவில்லை. அப்பாவை எல்லாரும் ‘முதலாளி’ என்றார்கள். அவன் ‘முதலாளி மகன்’. ஒரே தலைமுறையில் கல்யாண மண்டபமும் கட்டியாயிற்று. 2023-இல் மண்டபம் கடலில் இரண்டு படகுகளில் வந்த தங்கம் 32 கிலோவுக்கு மேல் பிடிபட்டதே, நினைவிருக்கிறதா? கடலில் வீசியதைக்கூட முக்குளித்து எடுத்தார்கள். படகில் இருந்தவர்கள் மாட்டினார்கள். அவர்கள் பிள்ளைகளுக்கு இந்நேரம் பள்ளிக்கூடத்தில் ஒரு பேர் விழுந்திருக்கும். தங்கம் போய்ச்சேர வேண்டிய வீட்டில் இருக்கும் பிள்ளைக்கு என்ன பேர்? உங்கள் திரைக்கதையில் சித்தப்பா மிரட்டுகிறார். சரி, அந்தச் சித்தப்பாவை மிரட்டுகிறவர் யார்? அந்த ஆள் ஒரு காட்சியிலாவது வருகிறாரா? வராவிட்டால் நீங்கள் எழுதுவது போலீஸ் எழுதும் கதைதான்.

சோனி லிஸ்டன் என்று ஒரு அமெரிக்கர். சிறையில் குத்துச்சண்டை கற்றவர். அவரை வைத்துப் பணம் பண்ணியவர்கள் ரவுடிக் கும்பல்காரர்கள். 1962-இல் ஃபிளாய்ட் பேட்டர்சனை முதல் சுற்றிலேயே வீழ்த்தி உலகச் சாம்பியன் ஆனார். ஊர் திரண்டு வரவேற்கும் என்று நினைத்து, விமானத்தில் வரும்போதே பேச வேண்டியதை யோசித்துக்கொண்டு வந்தாராம். பிலடெல்பியாவில் இறங்கிப் பார்த்தால் சில பத்திரிகைக்காரர்களைத் தவிர யாருமில்லை. உலகத்தையே ஜெயித்தவருக்கும் ஊர் வைத்திருந்த பேர் மாறவில்லை. நீங்கள் என்னிடம் ஜெயிப்பதா தோற்பதா என்கிறீர்கள்.

ஒரு வேடிக்கை. வடசென்னைக் குத்துச்சண்டையில் ‘பரம்பரை’ என்ற சொல் உண்டு. சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை. அது பிறப்பால் வருவதல்ல. எந்த வாத்தியாரிடம் கையுறை மாட்டினாயோ அவர் பரம்பரை நீ. சட்டப் புத்தகம் கெடுத்த சொல்லைக் குத்துச்சண்டைக்காரர்கள் எவ்வளவு மரியாதையாக வைத்திருக்கிறார்கள், பாருங்கள். நீங்கள் இதிலிருந்து ஆரம்பித்திருக்கலாம்.

அப்பாவிடம் பேசுங்கள். என்ன கூலி, எத்தனை ராத்திரி, யார் கொடுத்தார் என்று கேளுங்கள். உங்களுக்கு வராத தூக்கம் அவருக்கு எத்தனை வருஷமாக வரவில்லையோ.

என் நண்பனைப் பார்க்கப் போன மாதம் போயிருந்தேன். ஊர் மாறிவிட்டது, வீட்டுக்கு வழி தெரியவில்லை. டீக்கடையில் அவன் பெயரைச் சொன்னேன். உதட்டைப் பிதுக்கினார்கள். நண்டு கம்பெனி என்றேன். இங்கே நாலு கம்பெனி இருக்கிறதே என்றார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கொஞ்சம் தயங்கி, குரலைத் தாழ்த்தி, அந்த இன்னொரு பெயரைச் சொன்னேன். ‘அதச் சொல்ல வேண்டியதுதானே!’ என்று ஒரு பையனைத் துணைக்கு அனுப்பினார்கள்.

முற்றத்தில் பக்கத்து வீட்டுச் சிறுவன் ஒருவனுக்குக் கையில் துணி சுற்றிக்கொண்டிருந்தான். மணிக்கட்டில் மூன்று, முட்டிகளில் மூன்று. நிமிர்ந்து பார்த்துச் சிரித்தான்.

“வா வா. வீட்டை எப்படிக் கண்டுபிடிச்ச? யாருன்னு கேட்ட?”

“உன் பேரைச் சொல்லித்தான்” என்றேன்.

கூட வந்த பையன் என் முகத்தைப் பார்த்தான்.