பத்தாவது தடவை படித்து என்ன கிடைத்தது?

கேள்வி: மண்டபம் பக்கம் ஒரு நண்டு கம்பெனியில் ஏற்றுமதி ஆவணங்கள் தயாரிக்கிறேன். ஒரு மெயில் அனுப்பப் பத்து தடவையாவது படிக்கிறேன். எனக்குக் கீழே இருக்கும் பிள்ளைகள் முடித்துத் தருவதை மறுபடி நானே உட்கார்ந்து செய்கிறேன். வீட்டிலும் இதே கதைதான். மகன் நோட்டுக்கு அட்டை போடும்போது ஒரு சுருக்கம் விழுந்தாலும் பிரித்துவிடுவேன். தையல் கற்று முடித்தும், குறை சொல்லிவிடுவார்களோ என்று வெளியாளுக்கு இன்னும் ஒரு பிளவுஸ்கூடத் தைத்துத் தரவில்லை. நேர்த்தியாக இருப்பது தப்பா? ஆனால் களைத்துப் போகிறேனே, என்ன செய்வது?

பதில்: நேர்த்தி தப்பில்லை. உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது வேறு. செய்த வேலை எதைப் பற்றியும் "நன்றாக வந்தது" என்று ஒரு வரிகூட அதில் இல்லை. நேர்த்தியை ரசிப்பவருக்கு வேலை முடிந்ததும் ஒரு திருப்தி இருக்கும். உங்களுக்குக் கிடைப்பது "அப்பாடா, தப்பித்தேன்" என்ற பெருமூச்சு மட்டும்தான் என்றால், உங்களை ஓட்டுவது பயம்.

அந்தப் பயம் எப்படி உயிரோடு இருக்கிறது என்று பாருங்கள். பத்து தடவை படித்து அனுப்பினீர்கள், ஒன்றும் ஆகவில்லை. உடனே மனசு அந்தப் பத்து தடவைக்கு நன்றி சொல்கிறது. இரண்டு தடவை படித்து அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தெரிந்துகொள்ள வாய்ப்பே இல்லாமல் போகிறது. அதனால் இதைப் பேசித் தீர்க்க முடியாது, செய்து பார்க்க வேண்டும். இந்த வாரம் ஒவ்வொரு வாசிப்பிலும் எதைத் திருத்தினீர்கள் என்று குறித்து வையுங்கள். முதல் இரண்டு வாசிப்பில் எண் பிழையோ, சேர்க்க மறந்த ஃபைலோ சிக்கியிருக்கும். ஐந்தாவதில் 'ப்ளீஸ்' போய் 'கைன்ட்லி' வந்திருக்கும். எட்டாவதில் 'ப்ளீஸ்' திரும்பி வந்திருக்கும்! அடுத்த வாரம் சாதாரண மெயில்களை இரண்டு வாசிப்போடு அனுப்பிவிடுங்கள். அனுப்பும் முன் எதை நினைத்துப் பயப்படுகிறீர்களோ அதை ஒரு வரி எழுதுங்கள். இரண்டு நாள் கழித்து, உண்மையில் நடந்ததைப் பக்கத்திலேயே எழுதுங்கள். கை நடுங்கும். நடுங்கட்டும்.

"கன்டெய்னர் விஷயத்தில் இப்படி விளையாட முடியுமா?" என்பீர்கள். முடியாது, வேண்டவும் வேண்டாம். இதற்கான வழி உங்கள் கம்பெனியிலேயே இருக்கிறது. கடல் உணவு ஏற்றுமதியில் ஹெச்.ஏ.சி.சி.பி. என்ற உணவுப் பாதுகாப்பு முறையின் பெயரைக் கேட்காதவர் இருக்க முடியாது. 1960களில் நாசாவின் விண்வெளி வீரர்களுக்கு உணவு தயாரிக்கும்போது பில்ஸ்பரி நிறுவனம் உருவாக்கிய முறை அது. முடிந்த உணவைச் சோதித்துத்தான் பாதுகாப்பை உறுதி செய்வது என்றால், பெரும்பகுதி சோதனைக்கே போய்விடும். வீரர்கள் சாப்பிட மிஞ்சாது. அதனால் எந்தக் கட்டத்தில் தவறினால் சாப்பிடுகிறவருக்கு ஆபத்து என்று கண்டுபிடித்து, அங்கே மட்டும் பிடியை இறுக்கினார்கள். நண்டுச் சதையை டப்பாவில் அடைத்துச் சூடாக்கும் வெப்பமும் நேரமும் அப்படிப்பட்ட கட்டம். அட்டைப்பெட்டியில் ஸ்டிக்கர் கொஞ்சம் சாய்ந்திருந்தால் அந்தப் பட்டியலில் வராது.

உங்கள் மேஜைக்கும் அப்படி ஒரு பட்டியல் போடுங்கள். லாட் எண், நிகர எடை, கன்டெய்னர் எண், சீல் எண், சுகாதாரச் சான்றிதழில் இருப்பது இன்வாய்ஸோடு ஒத்துப்போகிறதா என்பது. இவற்றில் சமரசம் கிடையாது. ஆனால் இவற்றையும் நீங்களே பத்து தடவை படிப்பதில் பாதுகாப்பு இல்லை. தான் எழுதியதைத் தானே படிக்கும்போது கண் தாளில் இருப்பதை விட்டுவிட்டு மனசில் இருப்பதைப் படித்துவிடும். ஒருவர் எண்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொல்லட்டும், இன்னொருவர் மூலத்தாளில் விரல் வைத்துப் பார்க்கட்டும். ஒரே தடவை. அப்புறம் ஃபைலை மூடிவிடுங்கள். தாமதத்தையும் பிழைக் கணக்கில் சேர்க்க மறக்காதீர்கள். துறைமுகத்துக்குள் பெட்டி போகவேண்டிய நேரம் தவறினால் அடுத்த கப்பல்தான். கவரிங் லெட்டர் எவ்வளவு அழகாக இருந்து என்ன பயன்?

பால் ஹெவிட், கோர்டன் ஃபிளெட் என்ற உளவியலாளர்கள் 1991-ல், எதிலும் குறையே இருக்கக் கூடாது என்கிற இந்தக் குணத்தை மூன்றாகப் பிரித்தார்கள்: தன்னிடம் குறையின்மையைக் கேட்பது, பிறரிடம் கேட்பது, மற்றவர்கள் நம்மிடம் அதைக் கேட்கிறார்கள் என்று நினைப்பது. உங்களிடம் மூன்றும் தெரிகிறது. ஆளை அதிகம் அரிப்பது மூன்றாவது என்பேன். ஆனால் கூட இருப்பவர்கள் கஷ்டப்படுவது இரண்டாவதால். ஜூனியர்களிடம் வேலை கொடுக்கும்போதே, எதெல்லாம் இருந்தால் முடிந்த மாதிரி என்று சொல்லிவிடுங்கள். குறை இருந்தால் அவர்களிடமே திருப்பிக் கொடுங்கள். "அக்கா எப்படியும் மறுபடி செய்வாங்க" என்று தெரிந்த பிறகு யார் கவனமாகச் செய்வார்கள்? நோட்டு அட்டையை மகனே போடட்டும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தடைக்காலம், அப்போது கொஞ்சம் ஓய்வு கிடைக்கும், இதையெல்லாம் தொடங்கலாம் என்று தள்ளிப் போடாதீர்கள். தோதான நேரத்துக்குக் காத்திருப்பதும் இதே குணத்தின் வேலைதான்.

ஒரு எச்சரிக்கை. கேஸ் அடுப்பை அணைத்தேனா, கதவைப் பூட்டினேனா என்று திரும்பத் திரும்பப் பார்ப்பதிலேயே தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் போகிறதா? பார்க்காவிட்டால் பெரிய கேடு வரும் என்று தோன்றித் தூக்கம் கெடுகிறதா? அது நேர்த்தி மோகமாக இல்லாமல், ஒரே எண்ணமும் செயலும் திரும்பத் திரும்ப வந்து படுத்தும் ஓ.சி.டி. என்ற மனநலப் பிரச்சினையாக இருக்கலாம். அதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது, மனநல மருத்துவரைப் பாருங்கள். முதலில் போனில் பேசிப் பார்க்க நினைத்தால் அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. இலவசம், எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம்.

கடைசியாகத் தையல். பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு சாதா பிளவுஸ் துணி கேட்டு வாங்குங்கள், லைனிங் வேண்டாம். என்றைக்குத் தருவீர்கள் என்று தேதியும் சொல்லிவிடுங்கள். பக்கத் தையலுக்கு உள்ளே கொஞ்சம் துணி விட்டுத் தைக்கச் சொல்லிக் கொடுத்திருப்பார்களே, எதற்கு? இறுக்கிப் பிடித்தால் பிரித்து லூஸ் விடத்தான். அளவு தப்பலாம் என்பதை அந்தத் தொழிலே ஒத்துக்கொண்டிருக்கிறது. கை இறுக்கம் என்று அவர் சொன்னால் வாங்கிப் பிரித்துத் தைத்துக் கொடுங்கள். சும்மா மட்டும் தைத்துத் தராதீர்கள். காசு வாங்காவிட்டால் குறை சொல்லமாட்டார் என்ற கணக்கு அதில் ஒளிந்திருக்கும். உங்கள் தெருவில் என்ன கூலியோ அதை வாங்கிக்கொள்ளுங்கள்.